வில்லங்கச் சான்றை மட்டும் நம்பாதீர்கள்

வணக்கம் நண்பரே. சென்னையில் 2014-இல் கட்டிய ஃப்ளாட், அனுமதியை மீறி ஒரு மாடி கூடுதல், "அப்புறம் வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம்" என்கிறார் விற்பவர் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். விதிமீறிய கட்டடங்களை வரன்முறைப்படுத்த வழிசெய்யும் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவு 1.7.2007 வரை கட்டிய கட்டடங்களுக்குத்தான். உங்கள் கட்டடம் அதில் வராது.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்கிறீர்கள். சரி, ஆனால் அதில் பதிவான பத்திரங்கள்தான் தெரியும். விதிமீறலுக்காக சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) கொடுத்த நோட்டீஸ் தெரியாது. விற்றவர் போய்விடுவார், சீல் வைக்க வந்தால் நிற்கப்போவது நீங்கள்.

அனுமதி முத்திரையிட்ட கட்டட வரைபட நகலை வாங்கி, டேப்போடு நேரில் போய் அளந்து பாருங்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் வரைபடப்படி பக்கவாட்டில் ஐந்தடி காலியிடம். நேரில் குப்பைத்தொட்டிகூட நுழையாத ஒன்றரை அடிச் சந்து. அன்றே விட்டுவிட்டேன்.

சிஎம்டிஏ, மாநகராட்சி இரண்டிடமும் நோட்டீஸ் உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதுவரை டோக்கன்கூட வேண்டாம்.