யமஹா ஆர்எக்ஸ்100 டூ-ஸ்ட்ரோக் பைக்கின் டிராக் ரேஸ் (402 மீட்டர் நேர் ஓட்டம்) இன்ஜின்: கேள்வி பதில்

அண்ணே, ஹெட்டை எத்தனை மிமீ கடையலாம்?

ஸ்க்விஷ் அளவை, அதாவது பிஸ்டன் உச்சியில நிக்கும்போது அதோட ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியை, எடுக்காம லேத்துக்குப் போகாதீங்க. 1.5 மிமீ சால்டர் ஈயத்தை பிளக் ஓட்டை வழியா விட்டு, பிஸ்டன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோட கோர்க்கிற ஊசி) போகும் திசையில சிலிண்டர் சுவரைத் தொடுற மாதிரி வச்சு, மேக்னட்டை ஒரு சுற்று சுத்துங்க. நசுங்கின முனையை வெர்னியர்ல பாருங்க. வேற திசையில வச்சா பிஸ்டன் சாய்ஞ்சு பொய் அளவு காட்டும். 0.9 மிமீ வந்தா நிறுத்திடுங்க. ரொம்பக் குறைச்சா உச்ச ஆர்பிஎம்ல பிஸ்டன் ஹெட்டைத் தட்டும்.

அப்புறம் கம்ப்ரஷன். போர் (சிலிண்டர் விட்டம்) 50 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) 50 மிமீ, ஆக 98 சிசி. 13:1 வேணும்னா பிஸ்டன் உச்சியில நிக்கும்போது மேலே 98÷12, அதாவது 8.2 சிசி இடம் இருக்கணும். பியூரெட்ல (சிசி கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) ஆயில் விட்டு அளங்க. பிளக் துளைக்குள்ள நிக்கிற ஆயிலைக் கழிச்சிடுங்க.

எக்ஸ்பான்ஷன் சேம்பர் (நடுவுல உப்பின புகை பைப்) நீளத்துக்குக் கணக்கு இருக்கா?

இருக்கு. எக்ஸாஸ்ட் போர்ட் (சிலிண்டர்ல புகை வெளியேறுற வாசல்) கிராங்க் சுற்றுல 190 டிகிரி திறந்திருக்கு, பவர் 10,000 ஆர்பிஎம்ல வேணும்னு வைங்க. ஒரு சுற்றுக்கு 6 மில்லிசெகண்ட். அதுல போர்ட் திறந்திருக்கிறது 3.17 மில்லிசெகண்ட். சூடான புகையில அழுத்த அலை செகண்டுக்குச் சுமார் 510 மீட்டர் போகும். போய்த் திரும்பணும்ங்கிறதால பாதி: 808 மிமீ. பிஸ்டன் முகத்துல இருந்து பைப் கடைசியில குறுகுற கோன் வரைக்கும் அந்த அளவு. கூட்டினா பவர் கீழ் ஆர்பிஎம்முக்கு இறங்கும். போர்ட்டோட மேல் விளிம்பை உயர்த்திட்டுப் பழைய பைப்பையே மாட்டினா பாதிக் காசு வீண்.

இக்னிஷன் டைமிங்கை ஏத்தினா (பிளக் இன்னும் முன்னாடியே பொறி விட்டா) பவர் ஏறுமா?

ஓரளவுக்குத்தான். பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு முன்னாடி டயல் கேஜ்ல 2 மிமீ, கிட்டத்தட்ட 20 டிகிரி, அங்கிருந்து தொடங்குங்க. அதுக்கு மேல ஏத்தினா சூடு ஹெட்ல தங்கி பைப் ஆறும், மேல் ஆர்பிஎம் செத்துடும்.

ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு கார்புரேட்டர் மெயின் ஜெட் மாத்தணுமா?

கண்டிப்பா. எத்தனால்லயே ஆக்சிஜன் இருக்கு, பழைய ஜெட்ல லீன் ஆகும், அதாவது காத்துக்குப் பெட்ரோல் பத்தாது. 6, 7 சதவீதம் பெரிய ஜெட்ல ஆரம்பிங்க. புது பிளக் போட்டு, டாப் கியர்ல முழு த்ராட்டில் ஓட்டி, அப்படியே கிளட்ச் பிடிச்சு இன்ஜினை அணைங்க. பீங்கான் அடியில, உள்ளே ஆழத்துல இருக்கிற கரி வளையம்தான் மெயின் ஜெட்டைச் சொல்லும்; நுனி நிறத்தை நம்பாதீங்க. சென்னைக்குப் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குல காலை 25 டிகிரிக்கு செட் பண்ணினது மதியம் 38ல ரிச் அடிக்கும் (பெட்ரோல் கூடிப்போகும்), காத்தோட அடர்த்தி 4 சதவீதம் குறைஞ்சிருக்கும்.

402 மீட்டர் முடிஞ்சதும் சீஸ் ஆகுது (பிஸ்டன் சிலிண்டர்ல இறுகிடுது). ஆயிலைக் கூட்டவா சார்?

பெட்ரோல் லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலந்தா போதும். ஆயிலைக் கூட்டினா அதே ஜெட்ல பெட்ரோல் குறையும், இன்னும் லீன்தான். சீஸ் ஆகுறதுக்குக் காரணம் வேற: முடிவுக் கோட்டைத் தாண்டினதும் த்ராட்டிலைச் சட்டுனு மூடுறீங்க. ஆயில் பெட்ரோலோடதானே வருது, அதுவும் நின்னுடும். முதல்ல கிளட்ச், அப்புறம் த்ராட்டில்.

நேரம் குறையல, ஆனா கடைசி வேகம் ஏறியிருக்கு?

பவர் வந்துடுச்சு. இன்ஜினை விட்டுட்டு கிளட்ச் பிளேட்டையும் பின்சக்கர ஸ்ப்ராக்கெட்டையும் (செயின் ஓடுற பல்சக்கரம்) பாருங்க.