லூவரில் கால் வலித்தது

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் பாரிஸ் போயிருந்தோம். லூவர் அருங்காட்சியகத்துக்கு என்று ஒரு முழு நாளை ஒதுக்கியிருந்தேன். காலையில் திறந்ததும் நுழைந்து மாலையில் வெளியே வந்தபோது மிஞ்சியது கால்வலி மட்டும்தான். மோனாலிசாவை ஏகப்பட்ட தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன், அரை நிமிடம் இருக்கும். மற்ற அறைகளில் கூரை முழுக்கத் தங்கம், சுவர் முழுக்கப் படம், எதுவுமே தனியாக நினைவில் நிற்கவில்லை. கூட வந்தவர்கள் எல்லோரும் அற்புதம் என்கிறார்கள். எனக்கு ரசனை இல்லையா, அல்லது பார்த்த விதம் தப்பா? அடுத்த வருடம் மறுபடி போக வாய்ப்பிருக்கிறது.

கி.

அன்புள்ள கி.,

கூட வந்தவர்களுக்கும் கால் வலித்திருக்கும், சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீங்கள் அருங்காட்சியகத்துக்குப் போவதாக நினைத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். போனதோ ஒரு ராஜா வீட்டுக்கு. அந்த வீட்டை யாரும் படம் மாட்டுவதற்காகக் கட்டவில்லை. 1190 வாக்கில் இரண்டாம் பிலிப் அதைக் கோட்டையாகக் கட்டினார், 14ஆம் நூற்றாண்டில் ஐந்தாம் சார்லஸ் குடியிருக்க ஏற்றதாக மாற்றினார், 1546இல் முதலாம் பிரான்சுவா பழையதை இடித்துப் புது அரண்மனையைத் தொடங்கினார். அப்புறம் வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் கட்டிக்கொண்டே போக, 1682இல் பதினான்காம் லூயி அரசவையோடு வெர்சாய்க்குக் குடிபோய்விட்டார். பொதுமக்களுக்கு அருங்காட்சியகமாகத் திறந்தது புரட்சிக் காலத்தில், 1793 ஆகஸ்ட் 10 அன்று. அதாவது கட்டடத்தின் வயதில் முக்கால்வாசி, உள்ளே வருகிறவனை மிரட்டுவதற்கும் காக்க வைப்பதற்கும் செலவாகியிருக்கிறது. அந்த வேலையை அது இன்னும் விடவில்லை. யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள், உங்கள் காலை அன்று தின்றது வீடுதான்.

இத்தாலிய ஓவியங்கள் வரிசையாக இருக்கிற அந்த நீளமான கூடம், கிராண்ட் கேலரி, நினைவிருக்கிறதா? அது ஒரு நடைபாதை. நான்காம் ஹென்றி லூவரிலிருந்து பக்கத்து துய்லரி அரண்மனைக்கு, மழை வெயில் படாமல் நடந்து போவதற்காக ஆற்றோரமாக 1595 முதல் 1610 வரை கட்டியது. அன்று அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, இன்று நாம் நடப்பது கிட்டத்தட்ட 300 மீட்டர். நடப்பதற்கென்றே கட்டிய இடத்தில் நின்று நின்று பார்த்தால் உடம்பு குழம்பத்தான் செய்யும்.

இன்னொரு தொல்லை வெளிச்சம். இதை யாரும் சொல்வதில்லை, என்னைக் கேட்டால் அரண்மனை அருங்காட்சியகங்களின் முக்கியமான சிக்கலே இதுதான். அரண்மனைக்கு ஜன்னல் வேண்டும், ராஜா வெளியே பார்ப்பதற்கும் வெளியே இருப்பவர்கள் ராஜாவைப் பார்ப்பதற்கும். ஓவியத்துக்கு ஜன்னல் எதிரி. பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் வார்னிஷ் மேல் பட்டுப் பளிச்சென்று திரும்பி உங்கள் கண்ணில் அடிக்கும், படத்தில் பாதி காணாமல் போய்விடும். அந்தக் கூடத்துக்கு முதலில் இரண்டு பக்கமும் ஜன்னல்கள்தான். கூரையைத் திறந்து கண்ணாடி போடலாமா என்று 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெரிய சர்ச்சையே நடந்தது. ஹூபேர் ரொபேர் என்ற ஓவியர், லூவருக்குள்ளேயே குடியிருந்தவர் (அரசர்கள் அந்தக் கூடத்துக்குக் கீழே கலைஞர்களுக்கு வீடு கொடுத்திருந்தார்கள், நெப்போலியன் வந்துதான் எல்லோரையும் காலி செய்ய வைத்தார்), கூரையில் கண்ணாடி போட்டால் கூடம் எப்படி இருக்கும் என்று 1796இல் ஒரு படம் வரைந்து காட்டினார். அதற்கு ஜோடியாக இன்னொன்றும் வரைந்தார், அதே கூடம் இடிந்து, வானம் தெரிய, இடிபாடுகளுக்கு நடுவே ஒருவன் உட்கார்ந்து மிச்சமிருக்கும் சிலையைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறான். மேலிருந்து வெளிச்சம் வேண்டுமா, இதோ இப்படியும் வரும் என்று சொன்ன மாதிரி இருக்கும். இரண்டும் லூவரிடமே இருக்கின்றன. எனக்கு மோனாலிசாவைவிட இந்த ஜோடி பிடிக்கும், சண்டைக்கு வராதீர்கள்.

ரஷ்யாவில் ஜார் முதலாம் நிக்கோலஸ் இந்தச் சிக்கலுக்கு வேறு வழி பார்த்தார். தன் குளிர்கால அரண்மனைக்குப் பக்கத்திலேயே, கூரைக் கண்ணாடி வைத்த கூடங்களோடு, கலைப்பொருட்களுக்கென்றே தனியாக ஒரு கட்டடம் எழுப்பி 1852இல் திறந்தார். புதிய ஹெர்மிடாஜ் என்பது அதுதான்.

சரி, மோனாலிசாவுக்கு வருவோம். 77க்கு 53 சென்டிமீட்டர் படம், ஒருவர் தன் வீட்டில் கையெட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கும் அளவு. அது இருப்பதோ மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அரசு அவைக் கூட்டங்களுக்காகக் கட்டிய மண்டபத்தில். எதிர்ச்சுவரில் வெரோனேசே என்ற ஓவியரின் கானாவூர் கல்யாணம், கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம், வெனிஸ் மடம் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்துக்காக வரைந்தது, 1797இல் நெப்போலியனின் படை எடுத்து வந்தது. அந்த மண்டபத்துக்குப் பொருந்துகிற படம் அதுதான். எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள், நீங்களும் நின்றிருப்பீர்கள், நானும் முதல் தடவை நின்றேன்.

அடுத்த முறை மேலே போகாமல் கீழே இருந்து தொடங்குங்கள். சுல்லி பகுதியின் அடியில், 1980களில் தோண்டியெடுத்த பழைய கோட்டையின் அகழியும் சுவரும் இருக்கின்றன, ஓவியம் ஒன்றுகூட கிடையாது. கற்களில் கல்தச்சர்கள் கொத்திய அடையாளக் குறிகளைத் தேடிப் பாருங்கள், இதய வடிவில்கூட உண்டு. அங்கிருந்து கேரியாடிட் மண்டபம். 1550இல் ழான் கூஜோன் செதுக்கிய நான்கு பெண்கள் வாத்தியக்காரர்களின் மேடையைத் தலையில் தாங்கி நிற்கிறார்கள். ஆட்டமும் விருந்தும் நடந்த கூடம் அது. கொலையுண்ட நான்காம் ஹென்றியின் மெழுகு உருவத்தை 1610இல் அங்கேதான் வைத்தார்கள், 1658இல் மோலியேர் இளம் ராஜா பதினான்காம் லூயி முன்னால் நாடகம் போட்டதும் அங்கேதான். இப்போது பளிங்குச் சிலைகள் நிற்கின்றன. ஓவியத்தைக் கெடுக்கிற அதே ஜன்னல் வெளிச்சம் சிலைக்கு உயிர் கொடுக்கும், பக்கவாட்டில் விழுந்தால்தான் வளைவும் மடிப்பும் தெரியும். நான் அங்கே முக்கால் மணி நேரம் சும்மா இருந்திருக்கிறேன்.

கூரைகளைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். எல்லாவற்றையும் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை, ஒன்று போதும். இரண்டாம் ஹென்றியின் பெயரில் ஒரு அறை இருக்கிறது, பழைய மரவேலைப்பாட்டுக்கு நடுவே ஓவியர் ஜார்ஜ் பிராக் 1953இல் நீலத்தில் கரிய பெரிய பறவைகளை வரைந்திருக்கிறார். கூரை என்றால் வானம், வானம் என்றால் பறவை, அவ்வளவுதான். சுற்றியுள்ள கூரைகளில் நெரிசலாக உட்கார்ந்திருக்கும் தேவர்கள் எல்லோரும் சேர்ந்து செய்யாததை அது செய்கிறது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு ஓவியம், நீங்களே தேர்ந்தெடுங்கள். நேராக நிற்காமல் இரண்டடி இடமோ வலமோ நகர்ந்து, பளபளப்பு விலகுகிற கோணம் கிடைத்ததும் அங்கேயே நின்றுவிடுங்கள். பிறகு வெளியே வந்துவிடலாம், மீதி நாளுக்கு பாரிஸ் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை லூவர் விடுமுறை. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.