முதியோர் இல்லத்தில் அம்மாவுக்குத் தொடை எலும்பு முறிவு: நஷ்டஈடு கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம் சார். முதலில் அம்மாவை அங்கிருந்து வெளியே கொண்டுவாருங்கள்.

"பாத்ரூமில் வழுக்கி விழுந்தாங்க" என்று இல்லத்துக்காரர்கள் சொன்னதையே ஆஸ்பத்திரியில் எழுதியிருந்தால் கேஸ் அங்கேயே தொய்ந்துவிடும். ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) வாங்கிப் பாருங்கள். அம்மாவின் மேல்கையில் விரல் பதிந்து கன்றியிருப்பதாகச் சொன்னீர்களே, யாரோ முரட்டுத்தனமாகப் பிடித்தார்கள் என்ற சந்தேகத்துக்கு அதுதான் தடயம்; அதை டாக்டர் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். மறைவதற்குள் போட்டோ எடுங்கள். சிசிடிவி பதிவு தானாக அழிந்துவிடும், இன்றே எழுத்தில் கேளுங்கள்.

எலும்பு முறிவு பாரதிய நியாய சன்ஹிதா (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றச் சட்டம்) 116-ஆம் பிரிவின்படி கொடுங்காயம். எனவே போலீஸ் ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகார் வாங்கியதற்கான ரசீது மட்டுமே) திரும்பாமல் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள்.

நஷ்டஈட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2 ஆண்டுக்குள். மனுக் கட்டணம் நீங்கள் கோரும் தொகையை வைத்தல்ல, இல்லத்துக்குக் கட்டிய பணத்தை வைத்து. அது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. "வயசானவங்க, எலும்பு தேய்மானம்" என்று எதிர்த்தரப்பு கட்டாயம் வாதாடும். முறிவின் தன்மை பற்றி எலும்பு டாக்டரின் எழுத்துக் கருத்தை இப்போதே வாங்கிவிடுங்கள்.