பலகை அறையும் வெயிலும்

கேள்வி: ராயபுரத்தில் எங்கள் மொட்டைமாடியில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு தையல் அறை இருக்கிறது. பகலில் வேகிறது. உட்புறம் தெர்மாகோல் ஒட்டினால் போதுமா?

பதில்: மலிவுதான் அம்மா, ஆனால் துணியும் இஸ்திரிப் பெட்டியும் உள்ள இடத்தில் தெர்மாகோலா? தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும். நான் தச்சன், சம்மதிக்க மாட்டேன்.

கையிலுள்ள பணத்தை முதலில் கூரைக்குச் செலவிடுங்கள். மேலே வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பெயிண்ட். உள்ளே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து, தகரத்திலிருந்து ஓரங்குலம் தள்ளி அலுமினியத் தாள். இடைவெளி விடாமல் ஒட்டினால் அதன் பளபளப்பு வீண். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அதற்குக் கீழே சிமென்ட் போர்டு.

சுவருக்கு அவசரமில்லை. சூடான காற்று வெளியேற, உச்சியில் வலையடித்த திறப்பு வையுங்கள். காசிமேட்டு உப்புக்காற்று இரும்பாணியைத் தின்றுவிடும். எவர்சில்வர் திருகாணியே வாங்குங்கள். பலகை ஈரமாக இருக்கும்போது எதையும் மூடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.