மூடுவதா, கைமாற்றுவதா: இருபது வயதான ஓர் இணையக் குழுமம்

கேள்வி: தமிழில் இணையதள வடிவமைப்பு செய்கிறவர்களுக்காக 2004-ல் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஓர் இணையக் குழுமம் தொடங்கினோம். நான் காரைக்குடியில் இருக்கிறேன். ஒருவர் சென்னையில், இன்னொருவர் சிங்கப்பூரில். நாள் முழுக்கக் கேள்வியும் பதிலுமாக இருந்த இடத்தில் இப்போது மாதத்துக்கு நாலைந்து பேர் எட்டிப் பார்த்தால் அதிகம். சர்வர் வாடகையை நான்தான் கட்டுகிறேன். மென்பொருளும் பழசு. மூடிவிடலாமா, யாரிடமாவது ஒப்படைக்கலாமா, வாட்ஸ்அப்புக்கு மாறலாமா? தளத்தின் இணைய முகவரிப் பெயரை (டொமைன்) மட்டும் விலைக்குக் கேட்டும் ஒருவர் எழுதியிருக்கிறார்.

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் பூட்டிக் கிடக்கும் நம்மூர் வீடுகள்தான் நினைவுக்கு வந்தன. பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள். ஒருவர் மட்டும் வரி கட்டி, மழைக்கு முன்னால் ஓடு மாற்றி, காவலுக்கு இருப்பவருக்குச் சம்பளமும் கொடுத்துக்கொண்டிருப்பார். அவருக்கும் முடியாமல் போகும்போது முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அந்த வீட்டுத் தூண் ஒரு பக்கம், நிலைக்கதவு ஒரு பக்கம் என்று நிற்கும். இத்தனை வருஷம் அந்த ஒற்றைப் பங்காளியாக இருந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் என் நன்றி.

ஆட்கள் குறைந்ததற்கு உங்களை நொந்துகொள்ள வேண்டாம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, நிரல் எழுதுகிற உலகமே கேள்வி கேட்கப் போன ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்திலேயே கேள்விகள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

உங்கள் கேள்விக்குள் மூன்று சொத்துகள் கலந்து கிடக்கின்றன. எழுதிச் சேர்த்தது ஒன்று, இன்று நடக்கிற பேச்சு ஒன்று, பெயர் ஒன்று. மூன்றுக்கும் ஒரே முடிவு எடுக்க வேண்டியதில்லை. எழுதிச் சேர்த்ததை முதலில் பத்திரப்படுத்திவிட்டால் மற்ற இரண்டையும் நிதானமாகப் பார்க்கலாம்.

பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர், ஒருவகையில் நம் தொழில்காரர். பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் என்று ஆயுள் முழுக்கச் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதைக் கொண்டு 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. சேர்த்தவர் போன பிறகும் சேகரிப்பு சிதறாமல் ஒரே இடத்தில் நின்றது. இணையத்தில் அப்படி நடப்பது அபூர்வம். இலவசமாக இணையப் பக்கம் வைக்க இடம் கொடுத்த ஜியோசிட்டீஸை 2009 அக்டோபரில் மூடினார்கள், மின்னஞ்சல் வழியே பேசிக்கொண்ட யாஹூ குழுமங்களை 2020 டிசம்பரில் மூடினார்கள். தமிழர்கள் ஆரம்ப நாளில் எழுதியதில் எவ்வளவோ அவற்றோடு போய்விட்டது.

சரி, எப்படிப் பத்திரப்படுத்துவது? இதில் நான் ஒரு முறை சூடு பட்டிருக்கிறேன். வேறொரு குழுமத்தின் தரவுத்தளத்தைப் புது சர்வருக்கு மாற்றியபோது நாலைந்து பக்கங்களைத் திறந்து பார்த்துவிட்டு, பழைய சர்வரை ரத்து செய்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு பழைய பதிவைத் திறந்தால், ஆத்தங்குடிக் கல் விற்கும் கடைக்கு முகப்புப் பக்கம் அமைப்பது பற்றி நண்பர் எழுதிய நீண்ட பதில் முழுக்கக் கேள்விக்குறியாக இருந்தது. வரிசை வரிசையாகக் கேள்விக்குறி, நடுவில் அவர் எழுதிய சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் ஆங்கில எழுத்து வரிகள்) மட்டும் ஒழுங்காக. தமிழ் எழுத்தே ஏறாத எழுத்துக் குறியீட்டு முறையில் புதுத் தரவுத்தளத்தை உருவாக்கியது என் தவறு. கேள்விக்குறியாகிவிட்ட எழுத்தை யாராலும் மீட்க முடியாது. அந்த நண்பரிடம் இன்னும் நான் இதைச் சொல்லவில்லை.

அதனால் 2004, 2008, 2012 என்று வருஷத்துக்குப் பத்துப் பதிவுகளைத் திறந்து, கண்ணால் படித்துச் சரிபாருங்கள். ஆரம்பப் பதிவுகள் சில யூனிகோடுக்கு முந்திய டிஸ்கி குறியீட்டிலோ ஏதாவதொரு எழுத்துருவுக்குரிய குறியீட்டிலோ இருக்கலாம். அவற்றைத் தனியாகப் பிரித்து யூனிகோடுக்கு மாற்றுங்கள், மூலத்தையும் அழிக்காமல் வையுங்கள். வெளித்தளங்களில் ஏற்றிய படங்கள் இன்னும் உயிரோடு இருந்தால் இப்போதே இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு மொத்தத்தையும் நிலையான எச்டிஎம்எல் பக்கங்களாக்கி (அதாவது அப்படியே படிக்க மட்டுமான கோப்புகளாக்கி), பழைய முகவரிகள் மாறாமல் ஏற்றிவிடுங்கள். உள்நுழைவும் தரவுத்தளமும் இல்லாத பக்கத்துக்கு வாடகை சொற்பம், உடைத்து நுழையவும் அதிகம் இருக்காது. மென்பொருள் பழசு என்கிறீர்கள். ஒருவேளை அது பிஎச்பி என்ற நிரல்மொழியின் பழைய 5.6 பதிப்பில் ஓடினால், அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பரோடு நின்றுவிட்டன. உறுப்பினர்களின் கடவுச்சொல்லை அப்படியொரு இடத்தில் வைத்திருப்பது நல்லதல்ல. தனிமடல், மின்னஞ்சல் முகவரி எதுவும் காப்பகத்துக்குள் வரக் கூடாது.

பேச்சை வாட்ஸ்அப்புக்கு மாற்றலாம், தப்பில்லை. ஆனால் அங்கே சொன்ன பதில் கூகுளில் தேடுகிற பையனுக்குக் கிடைக்காது. நல்ல பதில் வந்தால் அதைக் காப்பகத்தில் சேர்க்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் பேச்சை நிறுத்திவிடுவதே மரியாதை என்பேன்.

ஒப்படைப்பது பற்றி. காரைக்குடிக் கம்பன் கழகத்தை 1939-ல் தொடங்கிய சா. கணேசன் மறைந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது, கம்பன் விழா நடந்துகொண்டுதான் இருக்கிறது. பங்குனி வந்தால் விழா, அதற்கு இன்னின்ன வேலை என்று நாள் குறித்து வைத்திருப்பது அதற்கு ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்களும் ஆர்வம் இருக்கிறதா என்று கேட்காமல், வேலையைக் காட்டிக் கேளுங்கள். மாதம் ஒரு முறை காப்புப்பிரதி எடுப்பது, குப்பைப் பதிவுகளை நீக்குவது. ஆறு மாதம் தவறாமல் செய்தவரிடம் சாவியைக் கொடுங்கள். பொங்கலுக்கு ஊர் வருகிற பழைய உறுப்பினர்களை ஒரு மதியம் கூட்டி, இலை போட்டுவிட்டே இதைப் பேசலாம். சிங்கப்பூர் நண்பரும் அப்போது வந்தால் நல்லது.

பெயரை விற்காதீர்கள். கேட்பவருக்கு வேண்டியது குழுமம் அல்ல, இருபது வருஷமாக மற்ற தளங்கள் உங்களுக்குக் கொடுத்த இணைப்புகள், தேடலில் முன்னால் வர அவை உதவும். நாளைக்கு அங்கே சூதாட்ட விளம்பரம் ஓடும். உறுப்பினர் பட்டியலைச் சேர்த்துக் கேட்டால் அது இன்னும் சிக்கல். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவரவர் ஒப்புதலைத்தான் அடிப்படையாக வைக்கிறது.

மறந்துபோய்ப் பெயரை விட்டுவிடுவதும் விற்பதற்குச் சமம்தான். டாட் காம் பெயர் காலாவதியானால், பதிவு நிறுவனம் தரும் சலுகை நாட்களுக்குப் பிறகு மீட்க 30 நாள், அப்புறம் நீக்கத்துக்குக் காத்திருக்கும் 5 நாள், பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பத்து வருஷம் வரை ஒரே தடவையில் பணம் கட்டலாம். மூன்று பேரும் பங்கு போட்டால் பெரிய தொகை இல்லை. அந்தப் பதிவு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது, அந்த மின்னஞ்சல் இன்னும் திறக்கிறதா என்று மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.