லாட்ஜ் ரூமில் கெட்டில் போடலாமா? மதுரைக்கு வந்து தங்குகிறவர்கள் கேட்டவை

அப்பாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். கோரிப்பாளையம் பக்கம் லாட்ஜில் ரூம் எடுத்து, நானும் அம்மாவும் மாற்றி மாற்றி இருக்கிறோம். இன்னும் பத்து நாளாவது ஆகுமாம். சாப்பாட்டுச் செலவு ரூம் வாடகையைத் தாண்டிவிடும் போலிருக்கிறதே?
(வாசகர், பரமக்குடி)

மூன்று வேளையும் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டால் தாண்டத்தான் செய்யும். அதற்காக எல்லாவற்றையும் ரூமிலேயே ஒப்பேற்றுகிறேன் என்று இறங்கினால் நாலாம் நாள் அலுத்துப்போய் மறுபடி ஹோட்டலுக்கே போவீர்கள். சோறும் இட்லியும் வெளியில் வாங்குங்கள். தயிர், பொடி, நல்லெண்ணெய், ஊறுகாய், பழம் ஆகியவற்றை ரூமில் வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் இட்லி யாரையும் கடனாளி ஆக்கியதில்லை. இட்லிக்குப் பிறகு வரும் நெய் ரோஸ்ட், வடை, காபி, தண்ணீர் பாட்டில்தான் பில்லை ஏற்றும்.

மதியத்துக்கு மெஸ்ஸில் ஒரு பார்சல் சாப்பாடு போதும். அதில் கட்டுகிற சோறு பெரும்பாலும் இருவருக்குக் காணும். போதாவிட்டால் வெள்ளைச்சோறு மட்டும் ஒன்று கூடுதலாகக் கேளுங்கள். கொதிக்கும் சாம்பாரைக் கவரில் வாங்காமல் தூக்குச்சட்டி கொண்டுபோங்கள். சட்டியை நீட்டினால் கரண்டி கொஞ்சம் தாராளமாகவே விழும்.

மாநகராட்சியின் அம்மா உணவகத்தையும் மறக்க வேண்டாம். 2013இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3 என்று விலை வைத்தார்கள். சீக்கிரம் போனால்தான் கிடைக்கும். அப்பாவுக்கு வார்டிலேயே உணவு கொடுப்பார்கள். வெளியிலிருந்து எதைக் கொடுப்பதானாலும் நர்ஸம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். மதியச் சோற்றை மூடிவைத்து இரவுக்குச் சாப்பிடாதீர்கள். சோறு வெந்த பிறகும் சாகாத கிருமி வித்துகள் உண்டு. மதுரை வெயிலில், ஃப்ரிட்ஜ் இல்லாத ரூமில், அவை சில மணி நேரத்தில் பெருகிவிடும். அவை விடுகிற நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்தவரே வாந்தி எடுத்துப் படுத்தால் என்ன ஆகும்? இரவு பத்து மணிக்கும் சூடாக இட்லி கிடைக்கிற ஊர் இது. அப்போதைக்கு அப்போது வாங்கிக்கொள்ளலாம்.

மாதத்தில் பாதி நாள் லாட்ஜில்தான், விற்பனை வேலை. கெட்டில் வாங்கினேன். டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு லாட்ஜில் அதைப் போட்டதும் ரூமே இருண்டுவிட்டது. கெட்டில் கோளாறா?
(வாசகர், விருதுநகர்)

கெட்டில்மேல் பழி போடாதீர்கள். கட்டில் பக்கத்தில் இருக்கும் சின்ன பிளக், போன் சார்ஜருக்கும் ஃபேனுக்கும் உள்ளது. அது தாங்குவது 5, 6 ஆம்பியர்தான். உங்கள் கெட்டில் 1500 வாட் என்றால், 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதோடு டிவி, ஃபேன் எல்லாம் ஒரே லைனில் ஓடினால் பிரேக்கர் விழத்தான் செய்யும். பெரிய மூன்று துளை பிளக் ரூமில் இருந்தால் ரிசப்ஷனில் கேட்டுவிட்டு அதில் போடுங்கள். அடிக்கடி தங்குகிறவர் என்பதால் 600 வாட் பயணக் கெட்டில் ஒன்று வாங்குவது நல்லது. தண்ணீர் கொதிக்கக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். இண்டக்‌ஷன் அடுப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கெட்டிலில் தண்ணீர் மட்டும் கொதிக்கட்டும். பால் ஊற்றினால் அடியில் பிடித்துக்கொள்ளும், பொங்கி வழிந்து கீழே இருக்கும் மின்தட்டில் இறங்கும். முட்டை அவிக்கலாம். ஓட்டை நன்றாகக் கழுவி, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். தானே அணைந்த பிறகு மூடியைத் திறக்காமல் ஒரு கால் மணி நேரம் அப்படியே விட்டால் உள்ளே கெட்டியாகிவிடும். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கொதிக்க விடக்கூடாது. ஆவி உள்ளே இருக்கும் சென்சாரைத் தொட்டால்தான் கெட்டில் அணையும். திறந்திருந்தால் தண்ணீர் வற்றும்வரை கொதித்துக்கொண்டே இருக்கும்.

காலைக்கு அவல் இருக்கவே இருக்கிறது. கெட்டி அவலைக் கழுவி வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டுப் பிழிந்து, தயிரும் உப்பும் போட்டு, ஊறுகாயோடு சாப்பிடுங்கள். பாக்கெட் நூடுல்ஸைவிட வயிற்றில் நிற்கும்.

நாங்கள் எட்டுப் பேர், சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறோம். சின்ன கேஸ் ஸ்டவ் கொண்டுவந்தால் ரூமில் ஒரு சாதம் வடித்துக்கொள்ளலாம் அல்லவா?
(வாசகி, தேவகோட்டை)

வேண்டவே வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில்வே யார்டில், சுற்றுலா வந்தவர்கள் தங்கியிருந்த ரயில் பெட்டி எரிந்து ஒன்பது பேர் இறந்தது நினைவிருக்கும். பெட்டிக்குள் விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரில் அடுப்பு மூட்டியதுதான் காரணம். லாட்ஜ் ரூமும் ஒரே கதவு, கம்பி போட்ட ஒரே ஜன்னல், நடுவில் மெத்தை.

வீட்டிலிருந்து புளியோதரை கட்டி வாருங்கள். புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்தால் முதல் நாள் பொழுது தாங்கும். கிளறும்போது தண்ணீர்க் கை படக்கூடாது. பொடி தடவிய இட்லியும் தாங்கும். தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டாம், மதியத்துக்குள் கெட்டுவிடும். அப்புறம், மீனாட்சி அம்மன் கோயிலில் அன்னதானம் உண்டு. திருவிழா நேரத்தில் மாசி வீதிகளில் மோரும் பானகமும் பொங்கலும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அழகர்கோவிலுக்கும் போவீர்கள் என்றால் அங்கே பிரசாத தோசை வாங்கிச் சாப்பிடுங்கள். மிளகும் சுக்கும் போட்டு நெய்யில் சுட்ட தடித்த தோசை அது. கையில் பையோடு நிற்காதீர்கள், குரங்குகள் உங்களைவிடச் சுறுசுறுப்பு.

எனக்குச் சர்க்கரை. மாத்திரை போடுகிறேன். வெளியூரில் மலிவாகக் கிடைப்பதெல்லாம் பொங்கலும் பரோட்டாவுமாக இருக்கிறதே?
(வாசகர், தேனி)

பொங்கலும் பரோட்டாவும் உங்களுக்கு ஆகாது, சரி. மூன்று இட்லிக்குச் சாம்பாரை ஊற்றி, கூட ஒரு அவித்த முட்டையோ ஒரு பொட்டலம் சுண்டலோ சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் தள்ளுவண்டிகளில் கேப்பைக்கூழ், கம்மங்கூழ் விற்பார்கள். மோர் விட்டுக் கரைத்துச் சின்ன வெங்காயத்தோடு குடிக்கலாம். கூழ் என்பதற்காக இரண்டு சொம்பு குடித்தால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். பருத்திப்பாலில் கருப்பட்டியோ வெல்லமோ இருக்கும், ஆசைக்கு இரண்டு வாய். மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு தரிசன வரிசையில் நிற்காதீர்கள்.

டீக்கு மட்டுமே ஒரு நாளைக்கு நூறு ரூபாய் போகிறது. மூன்று பேர்.
(வாசகர், சிவகாசி)

பிளாஸ்க் கொண்டுபோய்ப் பார்சல் டீ வாங்குங்கள். இரண்டு டீக்குக் காசு கொடுத்தால் மூன்று பேருக்கு வரும். சர்க்கரையைத் தனியாகப் போடச் சொல்லுங்கள்.

ரூமில் ஃப்ரிட்ஜ் இல்லை. தயிர் சாயங்காலத்துக்குள் புளித்துவிடுகிறது, எறும்பு வேறு.
(வாசகி, திண்டுக்கல்)

ஈரத்துண்டைச் சுற்றி, தண்ணீர் ஊற்றிய தட்டில் தயிர்ப் பாத்திரத்தை வைத்து ஃபேனுக்கு நேராக விடுங்கள். நம் ஊர் வறண்ட காற்றுக்குத் துண்டு காயக் காயப் பாத்திரம் குளிரும். தட்டில் தண்ணீர் இருப்பதால் எறும்பும் ஏறாது. துண்டு உங்களுடையதாக இருக்கட்டும், லாட்ஜ் துண்டில் தயிர்க்கறை பட்டால் ரூமைக் காலி செய்யும்போது காசு கேட்பார்கள்.