ரிவேராவின் இன்னிங்ஸ் கூட்டல் எங்கே பிசகுது?

பேஸ்பால் பிட்சர் (பந்து எறியுறவர்) மரியானோ ரிவேராவோட ஆட்டங்களை எக்செல்ல ஏத்திக் கூட்டினா, அவர் எறிஞ்ச இன்னிங்ஸ் (மூணு அவுட் எடுத்தா ஒரு இன்னிங்ஸ்) 1283.2 வரலை, இஆர்ஏவும் (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியா பிட்சர் கணக்குல சேர்ற ரன்) 2.21-ஐத் தாண்டுதுன்னு கேட்டிருக்கீங்க. 1283.2-ல இருக்கிறது தசமப் புள்ளியே இல்லைங்க. 0.1-னா ஒரு அவுட், 0.2-னா ரெண்டு. மூணு 0.2 சேர்ந்தா 2 இன்னிங்ஸ், எக்செல் 0.6-னு போடும். கடைசியில வந்து ஓரிரு அவுட் எடுத்துட்டுப் போற பிட்சருக்கு இந்தப் பிழை குவிஞ்சுடும்.

ஒவ்வொரு ஆட்டத்தையும் அவுட்டா மாத்துங்க: முழு எண்ணை 3-ஆல பெருக்கி, புள்ளிக்கு அடுத்த இலக்கத்தைக் கூட்டுங்க. அந்த இலக்கத்தைப் பிரிக்கும்போது ரவுண்ட் போடணும், இல்லேன்னா 2 சில சமயம் 1 ஆயிடும் (எக்செல் குசும்பு). மொத்தம் 3851 அவுட் வரணும். எர்ண்டு ரன் (பிட்சர் கணக்குல சேர்ற ரன்) 315-ஐ 27-ஆல (ஒன்பது இன்னிங்ஸுக்கான அவுட்) பெருக்கி 3851-ஆல வகுத்தா 2.2085. வெறும் ரன் பத்தியை எடுத்துடாதீங்க, ஃபீல்டர் தப்பால வந்த ரன்னும் அதுல இருக்கும்.